ரோசாவுக்காகத் திறந்த பக்கம்

“ஐயோ, பாடாதேங்கோ!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். எதிரே நின்ற ரோசா இத்தாலியர். ஆனாலும் புரிந்துகொண்டு வாயை மூடினார்.

மெல்பேர்னில் ஒரு நூலகத்தில், பழைய நூல்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. மேசையில் இருந்தது இத்தாலியத் தேவாலயம் ஒன்றின் பாட்டுப் புத்தகம். அச்சு வருவதற்கு முன்னர் கன்றுத்தோலில் கையால் எழுதியது. முதல் எழுத்துக்குள் நீலமும் தங்கமுமாய், சிறகு விரித்த ஒரு சம்மனசு. அந்த நீலம் செதில் செதிலாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு செதிலின் அடியிலும் ஜெலற்றின் பசை விட்டு ஒட்டினேன். மூச்சின் ஈரம் பட்டால் தோல் நெளியும், நிறம் உதிரும். தும்மல் வந்தால் வெளியே ஓடுவேன். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டேன்.

அந்தத் தேவாலயம் இருந்த ஊர்தான் ரோசாவுக்கும் சொந்த ஊர். அவருக்குக் கண்பார்வை குறைந்துகொண்டே போனது. முற்றாகப் போகுமுன் தன் ஊர்ப் புத்தகத்தைப் பார்த்து ஒருமுறை பாட ஆசைப்பட்டார். வந்தவர் பக்கத்தில் மூக்கு முட்டக் குனிந்து பாடத் தொடங்கியதால்தான் கத்தினேன்.

பிரிவுத் தலைவர் சுந்தர் மதுரைக்காரர், என்னைவிட இளையவர். “மூச்சு படக்கூடாதுதான்க்கா. ஸ்டாண்ட்ல சாய்ச்சு வைங்க, அவங்க தள்ளி நின்னு பாடட்டும்.”

“பேப்பரே வாசிக்கேலாத மனிசி, தள்ளி நிண்டு என்னத்தைப் பாக்கிறது?” என்றேன்.

வேறு வழியில்லை. ரோசாவின் கையைப் பிடித்து மெல்லப் பின்னால் அழைத்துப் போனேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு பாடினார். நடுவில் நிறுத்தி, “அங்கே ஒரு சுரம் அழிந்திருக்கிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அழிந்துதான் இருந்தது. மனப்பாடமில்லை, பார்த்தே பாடுகிறார்! பாடகர் கூட்டம் முழுவதும் ஒரே புத்தகத்தின் முன்னால் தள்ளி நின்று பாடுவதற்காகத்தான் சுரங்களைக் கட்டைவிரல் பருமனில் எழுதிவைத்திருந்தார்கள். படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அத்தனை மாதத்தில் நான் ஒருநாளாவது பின்னால் போய் நின்று பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வேன். ஒட்டி முடித்ததும் எழுந்து, அந்தப் பொருளைப் பயன்படுத்தியவர்கள் நின்ற இடத்தில் போய் நில்லுங்கள்.

ரோசா இன்னொருமுறை வந்தார். அப்போது பார்வை அறவே இல்லை. அவரை அதே இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை எடுத்துவந்து அதே பக்கத்தைத் திறந்தேன்.

“திறந்தாச்சா?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன். பாடினார்.