அடித்துச் சொன்னேன்

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு கட்டை ஜரிகை காணாமல் போனது. காஞ்சிபுரத்துத் தறி வீட்டில் ஜரிகை காணோம் என்றால் அன்றைக்கு அடுப்பு எரிவது சந்தேகம்தான். பெட்டி, அலமாரி, அரிசி டின் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். பிறகு, மத்தியானம் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போன பின்வீட்டு அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அக்கா கிளம்பும்போது எதையோ மடியில் செருகினாள், ஜரிகை மாதிரி பளபளவென்று இருந்தது என்றேன்.

"மாதிரின்னா? பார்த்தியா, பார்க்கலியா?" என்றார் சித்தப்பா.

பார்த்தேன் என்று நினைக்கிறேன் என்றேன். அது போதவில்லை. நிச்சயமா என்று அப்பா கேட்டார். நிச்சயம் என்றேன். வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தது அதுதான் முதல் தடவை, சுகமாக இருந்தது. அடித்துச் சொல்வாயா என்றார் சித்தப்பா. சொன்னேன். அம்மா மட்டும் தயங்கி, "சத்தியமா சொல்லு பாப்பா" என்றாள். தலையில் கை வைத்து அதையும் செய்தேன்.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தப் பளபளப்பு கூடிக்கொண்டே போனது. 'மாதிரி'யில் வெறும் மினுக்கம். 'நிச்சய'த்தில் மஞ்சள் வந்துவிட்டது. சத்தியம் செய்து முடித்தபோது கட்டையில் சுற்றியிருந்த இழைகளையே என்னால் எண்ண முடிந்தது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

இனிமேல் வர வேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினார்கள், என் சத்தியத்தையும் சேர்த்து.

மூன்றாம் நாள் அப்பா தறிக்குழியைக் கூட்டும்போது மூலையில் ஜரிகை கிடந்தது. அம்மாவே போய் அக்காவை அழைத்து வந்தாள். அன்றைக்கு மடியில் என்ன வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஜிகினாத் தாளில் மடித்த பாக்குப் பொட்டலம் என்றாள், சாதாரணமாக.

அன்று முதல் வேலை முடிந்ததும் அக்கா அம்மாவின் எதிரில் வந்து நிற்பாள். மடியை அவிழ்த்து, முந்தானையை இரண்டு தடவை உதறிவிட்டுத்தான் படியிறங்குவாள். அதெல்லாம் எதுக்குடி என்று அம்மா ஒருநாள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"இருக்கட்டும்கா. பாப்பா பார்த்துக்கினு இருக்குது."

ஒட்டிய நூல் துணுக்கை உதறுகிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தினமும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்று என் பாவாடையையும் இரண்டு தடவை உதறுவேன். அந்த நேரம் பார்த்து அம்மா ஏன் உள்ளே போய்விடுகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.