யானைக்கு எழுதிக் கொடுத்த வயல்

நாங்கள் எங்கள் வயலை யானைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவள் நெளுக்குளத்தில் இருக்கும் என் தங்கை. நான் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். மாக்கையோடு கைபேசியை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கினேன்.

"அக்கா, அத்தானுக்கு விசரே? காணியை யானையளுக்குக் குடுத்திட்டாராம். ரீவியில பேப்பர் வாசிக்கிறவன் இப்பதான் வாசிச்சவன். படமும் போட்டவங்கள்."

"ஆற்ற அத்தான்?"

"எனக்கு எத்தினை அத்தான் இருக்கினம்? உன்ர மனுசன்தான். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வயலுக்க நிக்கிறார்."

பகிடி விடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். "அம்மா அப்பவே சொன்னவா..." என்று அவள் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. உறுதிப் பத்திரம் இல்லாத காணியை நம்பி மலைநாட்டுக் குடும்பத்தில் பெண் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அம்மா அப்போது சொன்னது. எங்கள் வீட்டார் யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்கள். அவர்களிடம் பத்திரம் இருந்தது. எனக்குக் கலியாணமாகி இத்தனை வருடம் போன பிறகும் அந்தக் கதையை யாராவது ஒருவர் தூசு தட்டி எடுப்பார். நான் போனைப் பட்டென்று வைத்தேன்.

அந்தக் காணி மாமாவும் மாமியும் உண்டாக்கியது. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு உடுத்த துணியோடு ஓடி வந்தவர்கள், கனகராயன்குளத்துக்கு உள்ளே காட்டோரமாகப் பற்றை வெட்டி வயலாக்கினார்கள். பிறகு போர் வந்து எல்லோரும் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தால் வரம்பே தெரியாமல் காடு மூடியிருந்தது. என் கணவர் அதைத் திரும்பவும் வெட்டினார். ஆனால் காணிக்கு அரசாங்கம் தரும் பெர்மிட் எங்களிடம் இல்லை. பெர்மிட் வேண்டுமென்றால் விடாமல் பயிர் செய்து வருகிறோம் என்று காட்ட வேண்டும். காணியைக் கைவிட்டுவிட்டோம் என்று ஒருமுறை எழுதப்பட்டால் சரி, வன இலாகாக்காரர் காடு என்று கல் நட்டுவிடுவார்கள். எங்களுக்குப் பக்கத்து வயலுக்கு அப்படித்தான் நட்டார்கள். எத்தனையோ வருடம் அலைந்து கடைசியில் எங்களைக் காணி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதுவும் அந்தக் கிழமைதான். அந்த நேரம் பார்த்துத்தானா இந்த இழவு வரவேண்டும்!

இதை எழுதிய ஆள் யாரென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிரதான வீதியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறவர். ஊருக்கு வேண்டிய விண்ணப்பம் எல்லாம் அவர்தான் எழுதிக் கொடுப்பார். கடையில் ஆள் இல்லாத நேரம் முகநூலில் பகிடிச் செய்தி எழுதுவார். பஸ் வராத கிழமை, "பஸ்ஸை நேரில் கண்டவர் மயக்கம்" என்று போடுவார். குளத்துக் கட்டைத் திருத்த மாட்டார்கள் என்றால், "கட்டைத் திருத்தும் பணி மீன்களிடம் ஒப்படைப்பு" என்பார். எங்கள் ஊரில் அதை வாசித்துச் சிரிக்காத ஆள் இல்லை.

யானைக் கதையும் அப்படி வந்ததுதான். யானை வேலி கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன விவசாயி ஒருவர், தன் வயலை யானைகளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம். யானைகளின் சார்பில் வந்த மூத்த கொம்பன், உறுதியில் வலது முன்கால் அடையாளம் வைத்ததாம். சாட்சிக்கு ஒரு மயிலும் ஒரு குரங்கும் கையெழுத்துப் போட்டனவாம். குரங்கு மட்டும் பேனாவைத் திருப்பித் தரவில்லையாம். படத்துக்கு நின்று கொடுத்தவர் என் கணவர்தான். அதை வாசித்து வயிறு நோகச் சிரித்தவரும் அவர்தான்.

அதை எங்கேயோ இருந்த ஓர் இணையத்தளம் எடுத்தது. எடுத்தவன் மயிலையும் குரங்கையும் விட்டுவிட்டான். யானை கால் வைத்ததையும் விட்டுவிட்டான். மிஞ்சினது, வயலைக் கொடுத்த விவசாயி மட்டும். அந்த இணையத்தளத்தைப் பார்த்துப் பேப்பர் போட்டது, பேப்பரைப் பார்த்து ரீவி வாசித்தது. பேப்பரில் என் கணவர் கண் கலங்கிச் சொன்னதாக ஒரு வசனமும் இருந்தது: "யானைகளும் என் பிள்ளைகளே." அந்த மனுசன் நாங்கள் பெற்ற பிள்ளைகளைப் பற்றியே அப்படி ஒரு வசனம் பேசியது கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் புட்டு அடுப்பில் கருகியதுகூடத் தெரியவில்லை.

பேப்பர் கந்தோருக்குப் போன் எடுத்தேன். எடுத்தவன் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தான்.

"அக்கா, அது நல்ல செய்திதானே. சனம் வாழ்த்திக்கொண்டு இருக்கு."

"ஆருக்குத் தம்பி நல்ல செய்தி? எங்கட காணி போகப் போகுது. ஒரு ஆளைத்தன்னும் கேட்டனீங்களே?"

"இணையத்தில வந்தது அக்கா. நாங்கள் அதைப் பாத்துத்தான் போட்டனாங்கள். மறுப்பு ஒண்டு போட்டு விடுறம்."

என் கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். போகிற வழியில் தேத்தண்ணிக் கடையில் ஒருவன், "யானை அண்ணை, எங்களுக்கும் ஒரு துண்டு எழுதித் தாங்கோவன்" என்று கத்தினானாம். முந்தின நாள் என்றால் அவரும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார்.

பின்னேரம் போட்டோக்கொப்பிக் கடைக்காரர் சைக்கிளில் வந்தார். படலைக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வர அவருக்குப் பயம். என் வாய் அப்படி.

"அக்கா, சத்தியமா நான் நினைக்கேல்லை. குரங்கு கையெழுத்துப் போட்டதெண்டு எழுதினதை ஆரும் நம்புவினம் எண்டு..."

"உன்ர பகிடியைக் கொண்டுபோய் அடுப்பில வை. விசாரணைக்கு நீயும் வாறாய். வந்து உன்ர வாயால சொல்லுறாய்."

"வாறன் அக்கா. கட்டாயம் வாறன்."

விசாரணை அன்று பிரதேச செயலகத்து விறாந்தையில் வாங்கில் இருந்தோம். என் கணவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். எங்களுக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எங்களைக் கூப்பிட்டபோது நான்தான் என் கணவரைக் கையைப் பிடித்து எழுப்பினேன்.

காணி உத்தியோகத்தர் ஒரு பெண். கடுகடுப்பான ஆள் இல்லை. கதிரை காட்டி இருக்கச் சொன்னா. ஃபைலைத் திறந்தா. மேலேயே கிடந்தது அந்தப் பேப்பர்த் துண்டு.

"இது நீங்கள்தானே ஐயா?"

"ஓம் மிஸ்."

"காணியை யானையளுக்கு விட்டிட்டியள் எண்டு போட்டிருக்கு. விட்ட காணிக்கு எப்பிடி நான் பெர்மிட் தாறது?"

"பொய் மிஸ். நான் விடேல்லை. இந்தப் போகமும் விதைச்சிருக்கிறன்."

"பேப்பரில எல்லோ வந்திருக்கு."

யானை பயிரைத் தின்றது, வீட்டுச் சுவரை இடித்தது என்று நாங்கள் எத்தனை முறைப்பாடு கொடுத்தோம்! எங்கள் வாய்ச்சொல்லை ஒருநாளும் யாரும் ஃபைலுக்குள் வைக்கவில்லை. பின்னால் நின்ற கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முன்னால் வந்தார்.

"மிஸ், யானை கையெழுத்து வைக்குமே?"

"வைக்காது."

"அப்ப அது பகிடிதானே மிஸ். எழுதினது நான்தான்."

தன் கைபேசியை நீட்டினார். அவா முழுவதையும் வாசித்தா. குரங்கு பேனாவைக் கொண்டுபோன இடத்தில் அவாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் உடனே முகத்தைச் சரிசெய்து கைபேசியைத் திருப்பிக் கொடுத்தா.

"எனக்கு விளங்குது தம்பி. ஆனா ஃபைலுக்க இருக்கிறது இந்தப் பேப்பர். வன இலாகாக் கந்தோராலயும் இதின்ர கொப்பி கேட்டிருக்கினம். நானே வந்து பாக்கிறன் ஐயா. பயிர் நிண்டால் நிக்குதெண்டு எழுதுவன். இல்லாட்டி இல்லையெண்டுதான் எழுத வேணும். குறை நினைக்கக் கூடாது."

அடுத்த கிழமை வருவதாகச் சொன்னா. வெளியே வந்ததும் என் கணவர் தொடங்கிவிட்டார். "நிக்குது தானே, பயிர் நிக்குது தானே" என்று பஸ் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இடையில் பேப்பரின் மறுப்பு வந்தது. "மனம் மாறினார் யானைகளின் தோழன்!" கொடுத்த வயலைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். காரணம் குடும்பத்தாரின் அழுத்தமாம். அந்தக் குடும்பத்தார் நான்தான்! வெளிநாட்டில் இருந்து முன்பின் தெரியாதவர்கள் எல்லாம், பேராசைக்காரி என்று என்னைத் திட்டி எழுதியிருந்ததாகத் தங்கை வாசித்துக் காட்டினாள். நாசமாய்ப் போவார்கள், அவர்களை ஒருநாள் கொண்டுவந்து எங்கள் காவல் கொட்டிலில் இருத்த வேண்டும்.

அந்தக் கிழமை முழுக்க நாங்கள் அந்தக் கொட்டிலில்தான் கிடந்தோம். நெல் பால் பிடித்திருந்தது. அந்த வாசத்துக்கு யானை எங்கிருந்தாலும் வரும். வெடியும் தகரமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிக் கண் விழித்தோம். காட்டுக்குள் ஒரு தடி முறிந்தால் நான் தகரத்தைத் தட்டத் தொடங்கிவிடுவேன். ஊரில் எல்லோருக்கும் அறுவடை வரைக்கும் பயிர் நின்றால் போதும் என்றிருக்கும். எங்களுக்கு அவா வந்து பார்க்கும் வரைக்கும் நின்றால் போதும் என்றிருந்தது. கடைசி நாள் பொழுதுபட அடைமழை பிடித்தது. கொட்டில் ஒழுகி வெடியெல்லாம் ஊறிப்போனது. தகரம் தட்டிய சத்தம் மழைக்குள் எங்களுக்கே கேட்கவில்லை.

விடிந்து பார்த்தபோது வயலில் பச்சை இல்லை. சேறுதான் இருந்தது. தின்றது பாதி, மிதித்தது மீதி. ஒவ்வொரு காலடிக் குழியிலும் மழைத் தண்ணீர் நின்றது. என் கணவர் வரம்பில் குந்திவிட்டார். மனம் உடைந்தால் மட்டும் அவர் வாயில் மாமியின் மலைநாட்டுத் தமிழ் வரும்.

"போச்சு புள்ள. எங்கப்பா வெட்டுன காடு புள்ள. எல்லாம் போச்சு."

நான் அவரைத் தேற்றவில்லை. எனக்கே அழுகை வந்தது. அன்றுதான் அவா வருகிற நாள்.

ஜீப் வரம்போரமாக வந்து நின்றது. கடைக்காரரும் பின்னால் சைக்கிளில் வந்து இறங்கினார். உத்தியோகத்தர் குடையோடு இறங்கி, வயலைப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்தா. பேனாவைத் திறந்தா. ஒன்றும் எழுதவில்லை.

"பயிர் இல்லையே ஐயா."

"நேற்று நிண்டது மிஸ்" என்றார் என் கணவர்.

"இண்டைக்கு நான் கண்டதைத்தானே நான் எழுதலாம்."

அவ்வளவுதான், எனக்குள் இருந்ததெல்லாம் அறுத்துக்கொண்டு வந்தது. பெரிய கந்தோர் ஆள் என்றும் பார்க்கவில்லை.

"நல்லா எழுதுங்கோ மிஸ்! பயிர் இல்லையெண்டு எழுதுங்கோ! அப்ப இந்த அறுவான்கள் ராவு ராவா இஞ்ச என்னத்தைத் திண்டவங்கள்? மண்ணையோ? அங்கால கல்லு நட்ட வெறுங்காணியைப் போய்ப் பாருங்கோ, ஒரு கால் வைச்சிருக்கே? தரிசு நிலத்தில யானைக்கு என்ன வேலை?"

கத்தி முடித்ததும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

அவா கோபப்படவில்லை. பக்கத்துக் காணியைத் திரும்பிப் பார்த்தா. அங்கே புல்லும் பற்றையும் ஒன்றும் மிதிபடாமல் நின்றன. செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினா. மிதிபட்ட கதிர் ஒன்றைப் பிடுங்கி நகத்தால் நசித்தா. பால் வந்தது. ஒரு காலடிக் குழிக்குப் பக்கத்தில் குடையை மடக்கி வைத்துப் படம் எடுத்தா.

"கடைசியாச் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கோ" என்றா என்னிடம்.

சொன்னேன், இந்த முறை மெதுவாக. அவா எழுதினா. நெற்பயிர் செய்யப்பட்டுள்ளது, யானைகளால் அழிக்கப்பட்டுள்ளது என்று வாசித்துக் காட்டி, என் கணவரிடம் கையெழுத்து வாங்கினா.

ஜீப் போன பிறகுதான் கடைக்காரர் அந்தக் குழிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். வலது முன்காலா என்று பார்க்கிறாராக்கும். எனக்கு விளங்கிவிட்டது.

"இதை எழுதினியோ, கடையைக் கொளுத்திப் போடுவன்."

"எழுதமாட்டன் அக்கா. எழுதினாலும் இதை ஆர் நம்பப் போகினம்?"

பெர்மிட் சில மாதம் கழித்து வந்தது. அந்தப் போகம் எங்களுக்கு ஒரு கடகம் நெல்லும் இல்லை. அதனால் கடையில் அரிசி வாங்கித்தான் அன்று வயற்கரையில் பொங்கினோம். படைத்து முடிந்ததும் என் கணவர் ஓர் இலையில் பொங்கலைப் போட்டு, காட்டுப் பக்கத்து வரம்பில் கொண்டுபோய் வைத்தார்.

"உது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"கையெழுத்து வச்சவங்களுக்குப் புள்ள" என்றார்.

"வைச்ச கையோட எல்லாத்தையும் திண்டிட்டுத்தானே போனவை" என்று ஏசினேன். ஆனால் இலையை நான் எடுக்கவில்லை.