அம்மாவுக்கு ஒரு முகம்

எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் செத்துப்போனவர்களில் பாதிப்பேருக்குப் போட்டோ கிடையாது. படையலுக்குப் படம் வேண்டுமே என்று அப்பாவிடம் வருவார்கள். பட்டணத்தில் சினிமா பேனர் எழுதி ஓய்ந்தபின், அப்பா அம்மாவின் ஊரான அடி அண்ணாமலைக்கே வந்து தங்கிவிட்டிருந்தார். வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "சொந்தக்காரங்க எல்லாரையும் இட்டுக்கினு வாங்க."

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பமே பஸ் ஏறி வந்ததுண்டு. அவர்களை வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார வைப்பார். நெற்றி அண்ணனுடையது, மூக்கு தங்கச்சியுடையது, தாடை பேரனுடையது என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்வார்கள். அப்பா அதையெல்லாம் சேர்த்து ஒரு ஆளை உண்டாக்கிவிடுவார். படத்தைப் பார்த்ததும் பெண்கள் ஓவென்று அழுவார்கள்.

அம்மா இறந்தபோது எங்கள் வீட்டிலும் போட்டோ இல்லை. படம் பிடித்தால் ஆயுசு கம்மியாகிவிடும் என்று கடைசிவரை ஒளிந்துகொண்டவள் அவள். அப்பாவாவது வரைந்திருக்கலாம். நடிகைகளையெல்லாம் மாடி உயரத்துக்கு வரைந்த மனுஷன், அம்மாவுக்கென்று ஒரு கோடுகூடப் போட்டதில்லை. வீட்டோடு இருக்கிறவள்தானே என்று இருந்துவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

காரியம் முடிந்த கையோடு ஒரே மகளான என்னை மரத்தடியில் உட்கார வைத்தார். மலைப் பக்கம் திரும்பு என்றார், சிரி என்றார், குனி என்றார். நான் அப்பா ஜாடை. கடைசியில் பிரஷ்ஷை வீசி எறிந்தார்.

"உன் மூஞ்சியில அவ எங்கயுமே இல்லியே! எல்லாம் நானாவே இருக்கேன்."

என்னவோ நான் வேண்டுமென்றே செய்ததுபோல என்மேல் கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன்.

சித்தி வந்து உட்கார்ந்தாள். தன் கண் அக்காவுடைய கண்தான் என்றாள். மாமா வந்து, இல்லவே இல்லை என்றார். அந்த வருஷம் முழுக்க அப்பா வரைவதும் அழிப்பதுமாகவே இருந்தார். சோறு இறங்கவில்லை. "நாப்பது வருஷம் அவ கையால துன்னேன். தட்டத்தான் பாத்திருக்கேன், அவ மூஞ்சியப் பாக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் வருஷப் படையலுக்கு எப்படியோ ஒரு படம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் புடவையும் பலகாரமும் வைத்தோம். "அப்படியே எங்கக்கா!" என்று சித்தி விழுந்து அழுதாள். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. இது உங்கம்மாவா?"

எனக்குப் பொய் வரவில்லை. "இல்லப்பா" என்றேன்.

உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு பார்த்தால், கையில் டர்பன்டைன் நனைத்த துணியோடு படத்தின்முன் நின்றிருந்தார். சாயம் அப்போதும் சரியாகக் காயவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழிக்காதீங்கப்பா. இதுவும் போச்சுன்னா நமக்கு ஒண்ணுமே இல்ல."

"இது இருந்தா அவ வரமாட்டாம்மா. விட்ரு" என்று கெஞ்சினார். நான் விடவில்லை. துணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.

அதற்குப்பின் யார் வந்து கேட்டும் அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. இரண்டொரு வருஷத்தில் அவரும் போய்ச்சேர்ந்தார். படம் என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. பொட்டும் பூவுமாக, லட்சணமான பொம்பளை. அம்மாவை நினைத்துக் கண்ணை மூடினால் இவள்தான் வந்து நிற்கிறாள். அம்மா வருவதில்லை.