தாய்மொழி என்ற கட்டத்தில் ரொசலின் எழுதியது

ரொசலின் இறந்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பஸ் ஏறப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். நித்திரையிலேயே இருதயம் நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் அஞ்சலிப் படமும் வந்தது. மெழுகுதிரி, ரோசாப்பூ, அதன் கீழே 'ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தும் தமிழ் மாணவர்களை நேசித்தவர்' என்று ஒரு வரி. அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் உயிரோடு இருந்தவரை எதை இல்லை இல்லை என்றாளோ, அதையே அவள் தலைமாட்டில் எழுதி அனுப்புகிறோம். அவளை அறிந்தவர்களே, மறுத்துச் சொல்ல அவள் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் தகுதிகாண் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தவர்கள். குறித்த காலத்துக்குள் மேற்பட்டம் பெறாவிட்டால் வேலை போய்விடும் என்பது விதி. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பெண்ணான ரொசலினுக்கு வாவி நண்டுகளைப் பற்றி ஆராய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான் குறை: ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். நான்கு வருடம் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள் அவள். ஆங்கிலம் பேசும் நாடுகள் என்று அவர்கள் வைத்திருந்த பட்டியலில் நமது நாடு இல்லை. எனவே வளாகம் கொடுத்த கடிதம் செல்லாது, ஆங்கிலச் சோதனை எழுத வேண்டும் என்றார்கள்.

நகரத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பும் ஒரு முகவரிடம் போனோம். அவர் கணினியில் அவளுடைய பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "மிஸ், பறங்கிப் பேர் இருக்கக்குள்ள என்னத்துக்கு யோசிக்கிறீங்க? தாய்மொழி எண்ட இடத்தில இங்கிலீஷ் எண்டு போடுங்க. இங்கிலீஷ் தாய்மொழிக்காரரிட்ட சோதனை கேக்க மாட்டாங்க."

"எங்கட வீட்டில இங்கிலீஷ் பேசினது ரேடியோ மட்டும்தான்," என்றாள் ரொசலின். "அம்மாவோட நான் பேசுறது பறங்கிப் போர்த்துக்கேயம். வெளியில வந்தா தமிழ்."

"அது ஆருக்கு மிஸ் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. பேர்தான் கப்பல்ல வந்தது. நான் வாவிக்கரையில பிறந்தனான்."

வெளியே வந்ததும் நானும் அவளோடு சண்டை பிடித்தேன். ஒரு சொல்தானே, வேலை போய்விட்டால் யார் தருவார்கள் என்று கேட்டேன். அவள் நடந்துகொண்டே, "நீ போடுவியாகா, உன்ட தாய்மொழி தமிழ் இல்ல எண்டு?" என்றாள், எங்கள் பக்கத்துத் தோழமைக் 'கா'வோடு. நான் களுதாவளைத் தமிழச்சி. அப்படி எழுதினால் ஊர் எல்லைக்குள் கால் வைக்க எனக்கே கூசும்.

விண்ணப்பத்தில் அவளுடைய மொழி எங்கே இருக்கப்போகிறது? போர்த்துக்கேயம் என்று மட்டும் இருந்தது. அதைத்தான் தெரிவுசெய்தாள். இரண்டு கிழமையில் மின்னஞ்சல் வந்தது. நீங்கள் போர்த்துக்கல் பிரசையா, ஆம் எனில் கடவுச்சீட்டின் பிரதியை அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். ஆசிரியர் அறையில் அதை உரக்க வாசித்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அங்கயிருந்து வந்த ஆக்கள் இன்னும் திரும்பிப் போகல்ல எண்டு எழுதட்டா?" என்றாள். அப்படியேதான் எழுதினாள், கொஞ்சம் மரியாதையாக.

ஆகவே எல்லோரையும் போலச் சோதனை எழுதினாள். பேச்சிலும் வாசிப்பிலும் நல்ல புள்ளி. எழுத்தில் அரைப் புள்ளி குறைந்துவிட்டது. சிறிய மொழிகள் அழிந்துபோவதால் நட்டமில்லை என்கிறார்கள் சிலர், இரு தரப்பையும் ஆராய்ந்து எழுதுக என்பது கேள்வி. இவள் ஒரு தரப்பை மட்டும் எழுதிவிட்டு வந்திருக்கிறாள்! ஏன் என்று கேட்டால், "மற்றப் பக்கத்தில எழுத என்னகா கிடக்கு?" என்கிறாள். அந்த அரைப் புள்ளியால் அந்த வருடத்து இடம் போயிற்று. கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள், இருந்த வேலையும் போகும் நிலையில் நின்றாள். முகவர் என்னை வீதியில் கண்டு, "அப்பவே சொன்னன்தானே," என்றார். அவருக்கு நான் கொடுத்த பதிலை அச்சில் போட முடியாது.

மறுபடியும் எழுதினாள். இந்த முறை நகரத்துக்குள் கார்களைத் தடுக்க வேண்டுமா என்று ஏதோ கேள்வி. சோதனை மண்டபத்தை விட்டு வந்ததும் தொலைபேசியில், "ரெண்டு பக்கமும் எழுதினன்கா. மற்றப் பக்கத்துக்கு நல்ல இங்கிலீஷ் குடுத்தன், நியாயம் குடுக்கல்ல," என்றாள். புள்ளி வந்தது, இடமும் வந்தது. போனாள், பட்டத்தோடு திரும்பினாள், வேலை உறுதியாயிற்று. வென்றாள் என்று சத்தமாகவே சொல்கிறேன். வென்றவளுக்கு ஒரு தவணை படிப்பிக்கத்தான் ஆயுள் இருந்தது.

அடக்கத்தன்று பங்குச் சுவாமி தமிழிலும் ஆங்கிலத்திலும் செபம் சொன்னார். அவுஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணன்மார் தொலைபேசித் திரையில் ஆங்கிலத்தில் அழுதார்கள். செபமெல்லாம் முடிந்தபோது ரொசலினின் அம்மா பெட்டியில் கையை வைத்துக்கொண்டு தன் மொழியில் பேசத் தொடங்கினார். ஏதோ கேட்கிறார் என்பது குரலில் தெரிந்தது. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டில் அந்த மொழியில் அவருக்குப் பதில் சொல்ல மிஞ்சியிருந்தவள் ரொசலின் ஒருத்திதான்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், அந்தப் பதில் சொல்லும் வேலைதான். ஞாயிற்றுக்கிழமைகளில், நான் அன்ரி என்று கூப்பிடும் அவளுடைய அம்மாவின் வீட்டுக்குப் போகிறேன். அவர் ஒரு சொல் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். மறுகா இரண்டு சொல். நாக்கு புரளாது. நான் பிழையாகச் சொல்லும்போதெல்லாம் அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். மகளைப் புதைத்த பிறகு அவர் சிரிப்பது அப்போது மட்டும்தான். ஆகவே யார் என்ன புள்ளி போட்டாலும் போடட்டும். நான் பிழை பிழையாகப் பேசிக்கொண்டேதான் இருப்பேன்.