சுரபுன்னைத் தீவில் ஏறாத தண்ணீர்

கடலூர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் படகு எஞ்சின் உதிரிப் பாகங்கள் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதன் கவுன்ட்டரில் பதினான்கு வருடமாக நிற்பவள் ஜோதிலட்சுமி. தேவனாம்பட்டினத்துக்காரி. புருஷன் மணிவண்ணன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கையில் வாங்கிய உடனே அது அசலா போலியா என்று சொல்லிவிடுவாள். போலி பிளக் நடுக்கடலில் எஞ்சினை நிறுத்திவிடும் என்பதால், மினுமினுக்கும் அட்டைப்பெட்டி எதையும் அவள் நம்புவதில்லை. முதலாளி சாமிக்கண்ணு கொள்முதல் செய்து வரும் சரக்கையும் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் அலமாரியில் வைப்பாள்.

அவள் வீடியோ கேமுக்கு வந்தது காலால். ஏழு வருடத்துக்கு முன் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி இடது கால் முறிந்தது. உள்ளே பிளேட் வைத்து நாலு மாதம் படுக்கை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன தம்பி விஜயகுமார் விட்டுச்சென்ற கேம் கன்சோல் வீட்டில் இருந்தது. பொழுது போகாமல் அதைத் தொட்டாள். அவளுக்கு முதலில் கிடைத்த கேமின் அட்டையில் ஒரு பெரிய டிராகன் நெருப்பைக் கக்கிக்கொண்டு நின்றது. முப்பது மணி நேரம் ஆடினாள். கடைசியில்தான் டிராகன் வந்தது. மலைக்குப் பின்னால் பறந்தது, போய்விட்டது. அவ்வளவுதான்.

அன்று தம்பிக்கு வாட்ஸ்அப்பில் பதினோரு நிமிடம் பேசி அனுப்பினாள். "அட்டையில டிராகன் படத்தப் போட்டு ஆள ஏமாத்துறானுங்கடா. இத எங்க கடையில செஞ்சா செருப்பால அடிப்பானுங்க." தம்பி சிரித்துவிட்டு அந்தப் பேச்சை அப்படியே யூடியூபில் ஏற்றினான். அது பரவியது. கால் சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும், மத்தியானம் கடை சாத்தும் நேரத்திலும் ஆடினாள். முகம் காட்டாமல் பேசினாள்.

நல்ல கேம்களைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. "நல்லாருக்கறத நல்லாருக்குன்னு சொல்ல ஆயிரம் பேரு இருக்காங்க. சுமாரா இருக்கறத சுமார்னு சொல்லத்தான் ஆளு இல்ல" என்பாள். மீன்பிடி கேம் ஒன்றில், தண்ணீரிலிருந்து தூக்கிய வலை சொட்டுக்கூட ஈரமில்லாமல் இருந்ததை அரை மணி நேரம் திட்டினாள். இன்னொன்று துப்பறியும் கேம். அதில் கொலைகாரன் உள்ளே வரும்போதெல்லாம் பின்னணி இசை மாறியது. "பாட்டு போட்டே காட்டிக் குடுத்துட்டான். அப்புறம் நான் எதுக்கு எட்டு மணி நேரம் துப்பு தேடணும்?" ஆனால் எவ்வளவு மோசமான கேமாக இருந்தாலும் கடைசிவரை ஆடி முடிக்காமல் அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. அதனால்தான் ஜனங்கள் அவளை நம்பினார்கள்.

போன வருடம் சென்னையில் புதிதாக ஆரம்பித்த ஒரு கம்பெனி 'சுரபுன்னைத் தீவு' என்ற கேமைச் செய்தது. கிள்ளைக்குப் பக்கத்தில் உள்ள, சுரபுன்னை மரங்கள் அடர்ந்த அலையாத்திக் காட்டில் நடக்கும் கதை. அண்ணனைத் தேடி ஒரு பெண் படகில் போகிறாள். வெளியிடுவதற்கு முன்னால் எட்டு விமர்சகர்களைச் சிதம்பரத்துக்கு அழைத்தார்கள். மேல வீதியில் ஒரு ஓட்டலின் மாடி ஹால். ஜோதிலட்சுமியும் பஸ் ஏறிப் போனாள்.

வாசலில் ஆளுக்கு ஒரு பையை நீட்டினார்கள். "எனக்கு வேணாம்பா" என்று, உள்ளே என்ன என்றுகூடப் பார்க்காமல் நகர்ந்தாள்.

கேமைத் திரையில் பார்த்தபோது அவளுக்கே மூச்சு நின்றது. வேர்களின் நிழல் தண்ணீரில் ஆடியது. துடுப்பு போட்டால் சேறு கலங்கியது. இருபது நிமிடம் ஆடியபின், இடது பக்கம் ஒரு கிளைக் கால்வாய் தெரிந்தது. படகை அங்கே திருப்பினாள். பக்கத்தில் நின்றிருந்த கம்பெனி ஆள் கார்த்திகேசன் சட்டென்று குனிந்தார்.

"அக்கா, நேராப் போங்க. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் தொறந்து வச்சிருக்கீங்க?"

அவர் சிரித்து மழுப்பினார். ஜோதிலட்சுமி நிமிர்ந்து மற்ற ஏழு திரைகளையும் பார்த்தாள். ஏழு படகும் ஒரே வழியில் போய்க்கொண்டிருந்தன. கிளம்பும்போது இன்னொன்றையும் கவனித்தாள். கார்த்திகேசன் ஒரு இளம்பெண்ணைத் தனியாக மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டு அவள் கையில் ஒரு பையைக் கொடுத்தார். பிரிசில்லா என்று பெயர். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டே கேம் விமர்சனம் செய்கிறவள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அந்தப் பை ஜோதிலட்சுமியின் மனதில் கிடந்து உறுத்தியது.

கேம் வெளிவந்தது. முடிக்க அவளுக்குப் பதினோரு நாள் ஆனது. முதல் மூன்று மணி நேரம் சிதம்பரத்தில் பார்த்த அதே அழகு. நாலாவது தீவுக்குப் பிறகு சந்தேகம் வந்தது. ஒரு வளைந்த மரம், அதன் மேல் ஒற்றைக் கொக்கு. அடுத்த கால்வாயிலும் அதே மரம், அதே கொக்கு. எண்ண ஆரம்பித்தாள். இருபத்து மூன்று கொக்குகள். நாலே நாலு கால்வாயைச் செய்து, அவற்றையே திருப்பித் திருப்பி ஒட்டியிருந்தார்கள். அதைவிட அவளுக்குப் பொறுக்காதது தண்ணீர். காலையும் மாலையும் அது ஒரே மட்டத்தில் நின்றது.

"கடலுக்குப் பக்கத்துல இருக்கற தண்ணி ஏறும், வத்தும். வத்துனா படகு சேத்துல மாட்டிக்கும். அங்க பொழைக்கறவனுக்கு அதான் பயமே. இதுல அது இல்ல. இது தொட்டித் தண்ணி" என்று மணிவண்ணனிடம் புலம்பினாள்.

"கேம்தான, வுடு" என்றான் அவன்.

விட முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் எல்லாரும் புகழ்ந்து முடித்திருந்தார்கள். பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்திலிருந்து பேசும் பூவராகன் என்பவன், "தண்ணி மூச்சு வாங்கற சத்தம் கேக்குது" என்று சொல்லியிருந்தான். சென்னைக்காரர் ஒருவரும் அதே வாக்கியத்தைச் சொன்னார். பிறகு பிரிசில்லாவின் வீடியோவைத் திறந்தாள். அதிலும் அதே வாக்கியம். கம்பெனியின் விளம்பரத்திலும் அதுவே. மூன்று பேர் வாயிலும் ஒரே வாக்கியம் தானாக வருமா? அவளுக்கு மாடிப்படியும் பையும் ஞாபகம் வந்தன.

வீடியோ போட்டாள். கேமின் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசியில் மூன்று விமர்சனங்களையும் வரிசையாக ஓடவிட்டு, "இதுல ஒரு தங்கச்சிய மட்டும் தனியாக் கூப்ட்டு என்னமோ குடுத்தாங்க. நான் என் கண்ணால பார்த்தேன்" என்றாள். அப்போது திரையில் பிரிசில்லாவின் முகம் இருந்தது.

நாலு நாளில் பிரிசில்லாவின் பக்கம் வசவுகளால் நிறைந்தது. லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்த ஒருவர்கூட, "நீதானே அந்தக் கேம் பொண்ணு?" என்று கேட்டாராம். அவள் சேனலையே மூடிவிட்டாள்.

அதன் பிறகுதான் யாரோ ஒருவர் ஜோதிலட்சுமிக்கு ஒரு வரி அனுப்பினார்: 'அக்கா, மூணு வீடியோவும் வந்த தேதியப் பாருங்க.' கம்பெனி ஆளாக இருக்குமோ என்று முதலில் அவரையே சந்தேகப்பட்டாள். பிறகு தன் வீடியோவுக்காக எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேடிப் பார்த்தாள். பிரிசில்லா பேசியது கேம் வந்த முதல் நாள் காலை. மற்ற இருவரும் மூன்றாம் நாள். அவள் பார்த்த வரிசைதான் தலைகீழ்; அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவள் பிரிசில்லா.

பெட்டியில் அச்சடித்த தேதியைப் பார்க்காமல் பிளக் வாங்குகிறவர்களைக் கவுன்ட்டரில் நின்று தினமும் திட்டுகிறவள் அவள். இங்கே தேதியைப் பார்க்காமல் விட்டது அவளே.

ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பாதிரிப்புலியூருக்குப் போய், லேபில் விசாரித்து பிரிசில்லாவின் வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்தது பிரிசில்லாவின் அம்மா ஜெயராணி. குரலைக் கேட்ட உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானா அது? இன்னும் என்ன பாக்கி இருக்கு? பைய பாக்கணுமா? இரு." உள்ளே போய், கொடியில் கிடந்த ஒரு டீ-ஷர்ட்டை இழுத்து வந்தார். கேமின் பெயர் நெஞ்சில் அச்சடித்திருந்தது. "பையில இருந்தது இதான். எல்லாருக்கும் வாசல்ல குடுத்தாங்களாம். இவ பஸ்ஸு லேட்டு. அதனால போவும்போது குடுத்தாங்க. இதுக்கா எம் பொண்ண ஊரே திட்டிச்சு?"

ஜோதிலட்சுமி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தப்பு பண்ணிட்டேங்க" என்றாள்.

பிரிசில்லா வெளியே வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அந்த வார்த்த நான் யோசிச்சு சொன்னதுக்கா. கம்பெனிக்காரங்க எங்கிட்ட கேக்காம விளம்பரத்துல போட்டுக்கிட்டாங்க. மத்தவங்க எப்படிச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது."

"கேம் அவ்ளோ புடிச்சிதா உனக்கு?"

"புடிச்சிது. எங்கம்மாவுக்குக் கிள்ளைதான் ஊரு. கேம்ல வர்ற பொண்ணு எங்கம்மா மாதிரியே பேசுறா. இத்தினி வருஷத்துல நான் ஆடுறத அம்மா பக்கத்துல குந்திப் பாத்தது அன்னிக்குத்தான்."

"துடுப்பத் தப்பாப் புடிச்சிருந்துச்சு அந்தப் பொண்ணு" என்றார் ஜெயராணி, கோபம் தணியாமலே.

"நாலாவது தீவோட நிறுத்திட்டேன்" என்றாள் பிரிசில்லா. "முடிக்கலன்னு சொல்லியிருக்கணும், அது என் தப்பு. நீங்க சொன்ன குறையெல்லாம் நிஜம்தான். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்" என்றாள் ஜோதிலட்சுமி. தேதியையும் டீ-ஷர்ட்டையும் வீடியோவில் சொல்லலாமா என்று மட்டும் கேட்டாள். பிரிசில்லா சரி என்று தலையசைத்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

அன்று மாலையே பழைய வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டினாள். தான் எங்கே தவறினாள் என்று ஏழு நிமிடம் பேசிப் போட்டாள். கேமைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. உடனே கீழே கேள்விகள் வந்தன: 'எவ்ளோ வாங்குனக்கா?' 'அக்காவயும் வளைச்சிட்டாங்க.' ஆரம்பத்திலிருந்து அவளுடன் இருந்தவர்களே கேட்டார்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்தாள்.

கார்த்திகேசன் போன் செய்தார். "அக்கா, அதான் உண்மை தெரிஞ்சிடுச்சே. அடுத்த அப்டேட்ல தண்ணி ஏறும். அதுவரைக்கும் மொத்த வீடியோவையும் எடுத்துடுங்களேன்."

"தண்ணி ஏறட்டும் சார். ஏறினா ஏறுதுன்னு சொல்றேன்."

ஆனால் அந்த வாக்கியம் அவளை விடவில்லை. பிரிசில்லா யோசித்துச் சொன்னது மற்ற இரண்டு பேர் வாய்க்கு எப்படிப் போனது? இந்தத் தடவை வீடியோ போடவில்லை. பூவராகனுக்கே நேராக எழுதினாள்: 'தம்பி, அந்த வார்த்த உனக்கு எங்கேர்ந்து கெடச்சிது?' மறுநாள் மத்தியானம், கடை சாத்துவதற்குச் சற்று முன்னால், பதில் வந்தது.

'கம்பெனியில எழுதிக் குடுத்தாங்கக்கா. காசும் வாங்குனேன். அது அந்தப் பொண்ணு சொன்னதுன்னு அப்போ எனக்குத் தெரியாது. நீங்க கேட்டா சொல்லிடணும்னு இருந்தேன், நீங்க கேக்கவே இல்ல. என் பேரப் போட்டே சொல்லிக்குங்க.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு படகுக்காரர் பழைய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜோதிலட்சுமி போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பதிலை முதலில் பிரிசில்லாவுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பிளக் பெட்டியை எடுக்கத் திரும்பினாள்.