எஃபுவா பின்னிவிட்ட தலை

எஃபுவா இறந்து ஏழு வாரங்கள் ஆன பிறகும், அவள் கடைசியாகப் பின்னிவிட்ட பின்னல்கள் மகள் எசியின் தலையில் இருந்தன. நெற்றியிலிருந்து பிடரி வரை, தலையோடு ஒட்டிய ஒன்பது வரிசைகள். அவற்றை யாரும் தொட ஆறு வயது எசி விடவில்லை. "அம்மா செய்தது" என்று மட்டும் சொல்வாள்.

அந்தப் பின்னல்களை அவிழ்க்க வேண்டி வந்தவள் பிறின்சி, எசியின் மாமி, தகப்பனின் அக்கா. அவளும் நானும் பென்டில் ஹில் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறோம். பதினொரு வருடமாக ஒரே விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடிக்கிறோம். இந்தக் கதையை அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. விரிப்பை மடிக்கும்போது கொஞ்சம் சொல்வாள், மெஷின் சத்தம் கூடினால் நிறுத்திவிடுவாள்.

பிறின்சி மன்னார், விடத்தல்தீவுக்காரி. தாயும் தகப்பனும் போன பிறகு தம்பி ஜோன்சனை வளர்த்தவள் அவள்தான். அவனுக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பிறகு அப்படியே விட்டுவிட்டாள். புலம்பெயர்ந்து இங்கே வந்து லொறி ஓட்டத் தொடங்கிய ஜோன்சனுக்கு ஊரில் ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தாள். அவனோ தான் சாமான் ஏற்றும் கிடங்கில் வேலை செய்த எஃபுவாவைக் கட்டப்போவதாகச் சொன்னான். எஃபுவா கானாவில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவள், இவர்களைப் போலவே கத்தோலிக்கப் பெண். பிறின்சிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கோயிலில் கல்யாணம் நடந்த நாளில் அவள் மேலதிக வேலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் மடித்த தலையணை உறைகள் ஒரு மாதத்துக்குப் போதும்.

எசிக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஒருநாள், எஃபுவா தனியாக ரயிலேறிப் பிறின்சியின் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை இடுப்பில். கதவு திறந்ததும் ஆங்கிலத்தில் கேட்டாள்:

"அக்கா, உங்கள் குடும்பத்தில் பிள்ளைகளின் தலைக்கு என்ன பூசுவீர்கள்? இவளின் முன்பக்கம் என்னுடைய முடி. எனக்குத் தெரியும். பின்பக்கம் உங்களுடையது. அது எனக்குப் பிடிபடவில்லை."

"அக்கா" என்ற ஒரு சொல்லை மட்டும் தமிழில், பழகிவந்ததுபோல் சொன்னாள்.

பிறின்சி அப்போதுதான் முழுகிக் காய்ந்த தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தாள். எண்ணெய் காதோரம் வழிந்து நின்றது. "நாங்கள் ஒன்றும் பூசுவதில்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு கதவின் சின்னக் கண்ணாடித் துளைக்குள்ளால் பார்த்தாள். எஃபுவா போகவில்லை. சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றாள். கோபம் இல்லாத ஒரு பார்வை. பிள்ளையின் தொப்பியை இழுத்துத் தலையை மூடிவிட்டுப் படியிறங்கினாள்.

நாலு வருடம் கழித்து, ஒரு பெப்ரவரிக் காலையில், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் எஃபுவா விழுந்தாள். மூளைக்குள் இரத்தக் கசிவு. வயது முப்பத்துநாலு. ஜோன்சனின் லொறி விடியமுன் புறப்படும் என்பதால் பிள்ளையைக் கொண்டுவந்து அக்காவிடம் விட்டான். பிறின்சி எசியை வாங்கிக்கொண்டாள்.

ஏழு வாரத்தில் பின்னல்களின் அடியில் புது முடி வளர்ந்து, வரிசைகள் தலையை விட்டு எழும்பின. பஞ்சும் தூசியும் சிக்கின. பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை போன் செய்தாள். ஜோன்சன் கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அக்கா, அது அவள் தொட்டது. என்னால ஏலாது. நீங்கள் அவிழ்த்துவிடுங்கோ."

ஒரு சனிக்கிழமை காலை பிறின்சி அவிழ்த்தாள். எசி அசையாமல் இருந்தாள். ஒவ்வொரு வரிசை அவிழும்போதும் கையை உயர்த்தி, மீதி எத்தனை என்று தடவிப் பார்த்தாள். ஒன்பதாவது அவிழ்ந்தபோது முடிக்குள் அடைந்திருந்த வாசனை வெளியே வந்தது. வெண்ணெய் போல, அதோடு ஏதோ பழம் போல. நாலு வருடத்துக்கு முன் எஃபுவாவோடு வாசலில் வந்து நின்ற அதே வாசனை. எசி சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள். பிறின்சியும் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

"நான் ஒரு ஆளை இரண்டாம் தரம் வீட்டை விட்டு அனுப்பின மாதிரி இருந்தது" என்றாள் பிறின்சி என்னிடம்.

அதன் பிறகு எல்லாம் பிழையாகப் போனது. தனக்குத் தெரிந்தபடி, காய்ந்த தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, நெருக்கப்பல் சீப்பால் வாரினாள். சீப்பில் இரண்டு பல் முறிந்தது. முடியும் முறிந்து, சின்னச் சுருள்களாக மடியில் விழுந்தது.

"அம்மா இப்படிச் செய்யமாட்டா, மாமி."

"எப்பிடிச் செய்வா?"

எசிக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் என்றாள், வெள்ளைக் கிறீம் என்றாள், அம்மா பாடுவா என்றாள்.

பிறின்சி சூப்பர்மார்க்கெட்டில் ஷாம்பு அடுக்கின் முன் நின்றாள். எல்லாப் போத்தலிலும் நேராக விழுகிற முடி. நேராக்கும், படியவைக்கும், பாரம் குறைக்கும் என்று எழுதியிருந்தது. எசியின் தலை ஒன்றிலும் இல்லை. மூன்றை வாங்கிவந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். முன்பக்கம் தும்புபோல் காய்ந்தது. காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு கட்டியாக இறுகியது.

கடைசியில் சொப்பிங் சென்ரரில் ஒரு முடிவெட்டும் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே வேலை செய்த பெண் இரண்டு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தாள். "இதைச் சீவ முடியாது. ஒட்ட வெட்டினால் புதிதாக வளரும்" என்றாள். பிறின்சி சரி என்று தலையாட்டினாள். களைத்துப்போயிருந்தாள். மெஷின் இரையத் தொடங்கியது. எசி அழவில்லை. கண்ணாடிக்குள்ளால் மாமியைப் பார்த்தாள். கோபம் இல்லாத அந்தப் பார்வை. தாயின் முகம் அப்படியே பிள்ளையின் முகத்தில் வந்து நின்றது.

பிறின்சி பிள்ளையின் கழுத்தில் கட்டிய துணியை இழுத்து அவிழ்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டு மணி அடித்தால் அவள் எழும்பமாட்டாள். சாமான் கொண்டுவருகிறவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கதவுத் துளைக்குள்ளால் பார்க்க அவளுக்குப் பயம். பார்த்தால் எஃபுவா நிற்பாள் என்பது பயமில்லை. நின்றால் திரும்பவும் என்ன சொல்லி அனுப்பிவிடுவேனோ என்பதுதான் பயம் என்றாள்.

எசிதான் வழி சொன்னாள். அம்மாவோடு ரயிலில் போகும் ஒரு கடை, படி ஏற வேண்டும், வாசலில் பொம்மைத் தலைகள் இருக்கும். அடுத்த சனிக்கிழமை இருவரும் பிளாக்டவுனுக்குப் போனார்கள். நிலையத்துக்குப் பின்னால் மூன்று தெரு ஏறி இறங்கி, கடையைப் பிள்ளைதான் கண்டுபிடித்தாள். கடைக்காரி மிஸஸ் டார்கோ, கானாப் பெண், அறுபது வயதிருக்கும். எசியைக் கண்டதும் கல்லாவை விட்டு வெளியே வந்து கட்டிப்பிடித்தாள். தலையைப் பார்த்தாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

முதலில் தண்ணீர் தெளித்தாள். முடி நனைந்து சுருண்டதும் ஒரு வெள்ளைக் கிறீமை உள்ளங்கையில் தேய்த்துப் பூசினாள். அகலப் பல் சீப்பை எடுத்து, நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனாள். சிக்கை விரலால் பிரித்தாள். இரண்டு மணி நேரம். எசி இடையில் நித்திரையாகிவிட்டாள்.

"எஃபுவா இந்தத் தலையோடு எவ்வளவு மல்லுக்கட்டினாள் தெரியுமா?" என்றாள் மிஸஸ் டார்கோ. "முன்பக்கத்துக்கு என்னிடம் எல்லாம் இருந்தது. பின்பக்கத்துக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. இந்தத் தலையில் பாதி எனக்குத் தெரியாத ஊர் என்பாள். தகப்பன் வீட்டு ஆட்களிடம் கேட்கச் சொன்னேன். 'கேட்டேன், அவர்கள் ஒன்றும் பூசுவதில்லையாம்' என்றாள். அதை நம்பி இரண்டு வருடம் பின்பக்கத்துக்கு ஒன்றுமே பூசாமல் விட்டிருந்தாள், பாவம்."

பிறின்சி குனிந்து தரையில் விழுந்த சுருள்களைப் பொறுக்கினாள். நீங்கள் யார் என்று மிஸஸ் டார்கோ கேட்டபோது, "பிள்ளையைப் பார்க்கிறவள்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு வாங்கியது எல்லாம் சரிவரவில்லை. ஒரு கிறீம் நெற்றியில் பருவைக் கிளப்பியது. ஒன்று முடியின் மேல் மெழுகுபோல் படிந்தது. ஆறேழு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் முன்பக்கத்துக்கு, கானாவில் தலைக்குப் பூசும் ஷியா வெண்ணெயும் வாசனை இல்லாத ஒரு கிறீமும் நின்றன. பின்பக்கத்துக்கு ஈரத் தலையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதுமாக இருந்தது. அது பிறின்சியின் குளியலறைத் தட்டில் எப்போதும் இருந்த போத்தல்.

முடி நன்றாக வளர்ந்தது. தலை ஒத்துழைக்கிற ஒவ்வொரு தரமும் பிறின்சிக்கு எஃபுவா பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருக்குமாம். சீப்போடு கை நிற்கும். "சொறி" என்று வாய்க்குள் மன்னிப்புக் கேட்பாள். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அது எசிக்குக் கேட்டுவிட்டது.

"யாருக்கு மாமி சொறி சொல்றீங்க?" என்று கேட்டாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். "உங்களுக்கு என் அம்மாவைப் பிடிக்குமா?"

பிறின்சி ஓம் என்று சொல்லியிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை, நம்பியிருக்கும்.

"இல்லை. எனக்கு அப்ப பிடிக்கேல்லை" என்றாள். "உன்ர அம்மா ஒருநாள் உன்னைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்தவ. உன்ர தலைக்கு என்ன பூசிறது எண்டு கேட்டவ. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டே தெரியாத மாதிரிச் சொல்லிக் கதவைச் சாத்தினனான்."

எசி கதிரையிலிருந்து இறங்கினாள். பாதி சீவிய தலையோடு தன் அறைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் மாமியைத் தலையைத் தொட விடவில்லை. ஜோன்சன் மிஸஸ் டார்கோவிடம் கூட்டிப்போனான். பிறின்சி அந்த மூன்று வாரமும் வேலைக்கு வந்தாள், விரிப்பு மடித்தாள். ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். "அவள் தாயில்லாமல் வளருறாள். தாயைப் பற்றிப் பொய்யோடையும் வளர வேணுமே?" என்றாள்.

மூன்றாவது வாரம் முடிய மாமி சமைத்துக்கொண்டிருந்தபோது எசி குசினி வாசலில் வந்து நின்று தன் முடிவைச் சொன்னாள். யோசித்து வைத்திருந்தாள். "கழுவுறது நீங்கள். பின்னுறது அவ." அவ என்றது மிஸஸ் டார்கோவை. பிறின்சி ஓம் என்றாள்.

இப்போதும் அப்படித்தான். சனிக்கிழமை காலையில் எசி குளியல் தொட்டியின் விளிம்பில் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். பிறின்சி முழங்காலில் நின்று கழுவுகிறாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அந்த முடி கனக்கும், நீளும், கை முழுக்க நிறையும். சில வேளை, பாதி நித்திரையில், எசி ஆங்கிலத்தில், அம்மாவைக் கூப்பிடுவதுபோல், "மம்" என்கிறாள். பிறின்சி அதைத் திருத்துவதில்லை. தண்ணீரை மட்டும் இன்னும் மெதுவாக ஊற்றுவாளாம்.