மல்லிகா அக்காவின் இரண்டாவது ஸ்கேன்

படம் பொருந்தவில்லை

அன்று காலை ஒரே பெண்ணின் இரண்டு மூளை ஸ்கேன்களைக் கொம்பியூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஆள் தலையை ஆட்டியிருப்பாள் என்று நினைத்து, பொருத்துகிற புரோகிராமை மறுபடி ஓடவிட்டேன். அப்போதும் பொருந்தவில்லை. மண்டையின் அகலம் வேறு, மூளை மடிப்புகள் போகிற போக்கு வேறு. ஒருவருடைய மூளை மடிப்பு சில மாதத்தில் அப்படி மாறாது. இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் அது தெரியும். எனக்கு அது வெறும் கணக்குப் பிழை இல்லை. ஏனென்றால் அந்த இரண்டாவது ஸ்கேனை நம்பித்தான், மூன்று வாரத்துக்கு முன், டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற மல்லிகா அக்காவுக்குப் போன் பண்ணி, "ஸ்கேன்ல தலைக்குள்ள ஒரு கட்டி தெரியுதுங்க அக்கா" என்று சொல்லியிருந்தேன்.

ஆளுக்கு ஒரு நிரல்

வேலையைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது. கண்டியில் ஒரு ஆய்வுக் குழுவில் நான் புள்ளிவிவரம் பார்க்கிறவள். குழுவின் தலைவர், எங்கள் சேர், யாழ்ப்பாணத்து டொக்டர். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களில் தீராத தலைவலி உள்ளவர்கள் ஒரு குரூப், இல்லாதவர்கள் இன்னொரு குரூப். இரண்டு குரூப்புக்கும் மூச்சுப் பயிற்சி கொடுத்தோம். பயிற்சிக்கு முன் ஒரு ஸ்கேன், பின் ஒரு ஸ்கேன். பயிற்சியால் மூளையில் வருகிற மாற்றம் இரண்டு குரூப்பிலும் ஒன்றுதானா என்பது கேள்வி.

இதற்குத்தான் ரிப்பீட்டட் மெஷர்ஸ் டிசைன், ஒரே ஆளைத் திரும்ப அளந்து பார்க்கிற முறை. புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் விடுகிற பிழை, இரண்டு ஸ்கேனை இரண்டு ஆளாக எண்ணுவது. ஆளுக்கு ஆள் மூளை அவ்வளவு வித்தியாசம். பயிற்சி கொண்டுவருகிற சின்ன மாற்றம் அந்த வித்தியாசத்துக்குள் காணாமல் போய்விடும். அதனால் டிசைன் மேட்ரிக்ஸ் என்கிற கணக்கு அட்டவணையில் ஆளுக்கு ஒரு நிரல், மேலிருந்து கீழாக ஒரு வரிசை, கொடுக்க வேண்டும். அவளுக்கே உரிய அளவை அந்த நிரல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதுதான் மாற்றம்.

அடுத்த பிழை, அதே மேட்ரிக்ஸில் குரூப்புக்கும் நிரல் சேர்ப்பது. ஒரு குரூப்பில் உள்ளவர்களின் நிரல்களைக் கூட்டினாலே குரூப்பின் நிரல் வந்துவிடும். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னால் கொம்பியூட்டர் முரண்டு பிடிக்கும். ஆகவே ஒவ்வொருத்தியின் இரண்டாவது ஸ்கேனில் இருந்து அவளுடைய முதலாவதைக் கழித்து, அந்த வித்தியாசங்களை மட்டும் குரூப்புக்குக் குரூப் ஒப்பிட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வகுப்பு எடுக்கிற அளவுக்குத் தெரியும் என்று கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

கழிப்பதற்கு இரண்டும் ஒரே தலையாக இருக்க வேண்டும். அதைக் கொம்பியூட்டர் கேட்காது. நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னால்

ஆள் சேர்க்க டிக்கோயாவுக்குச் சேர் என்னையே அனுப்பினார். நான் அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். "நீர் கதைச்சால் அவை வருவினம், வசந்தி" என்றார் சேர். அப்படியேதான் நடந்தது. "நம்ம வசந்தி புள்ள கேக்குது" என்று பெண்கள் மறு பேச்சில்லாமல் பேர் கொடுத்தார்கள். மல்லிகா அக்கா அதே லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில், இருந்தவர். அவருடைய தங்கச்சி சிவகாமி என்னோடு ஓடி விளையாடியவள். முதலாவது ஸ்கேன் பிரச்சினை இல்லாமல் முடிந்தது.

இரண்டாவது ஸ்கேனுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கண்டிக்கு வேன் வந்த நாளில், பல்கலைக்கழகத்தில் இருந்து பெரிய ஆட்கள் சிலர் பார்க்க வந்திருந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போனால் "ஏய் வசந்தி!" என்று கூப்பிடுவார்கள். அம்மா கொழுந்தைத் தராசில் நிறுத்த கதை, நான் மூக்கு ஒழுக நின்ற கதை எல்லாம் வெளியே வரும். சேரைத் தவிர, கண்டியில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு நான் லயத்துப் பிள்ளை என்று தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று கொன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பேர் கூப்பிட நிலூக்காவை அனுப்பினேன். அவள் எங்கள் உதவியாளர், சிங்களப் பிள்ளை, தமிழ் நாலு சொல் தெரியும். "மல்லிகா?" என்றாள். ஒருத்தி எழுந்து வந்தாள். மெஷினுக்குள் போன பிறகு கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது போர்வைக்கு வெளியே இரண்டு பாதம் மட்டும்தான்.

சில நாளில் அந்த ஸ்கேனில் கண் நரம்புக்குப் பக்கத்தில் கட்டி இருப்பதை டொக்டர்கள் பார்த்தார்கள். "நீர்தான் சொல்ல வேணும். பயப்படுத்தாமல் சொல்லும்" என்றார் சேர். போன் பண்ணினேன். முதலாவதா இரண்டாவதா, எந்த ஸ்கேன் என்று நான் சொல்லவில்லை.  மல்லிகா அக்கா, "சரி வசந்தி. இதச் சொல்ல ஒனக்கும் கஷ்டமாத்தானே இருக்கும்" என்றார். ஆஸ்பத்திரியில் அவர் பேரைப் பதிந்துவிட்டு முறைக்காகக் காத்திருந்தார்கள்.

வேனில் வந்தவள்

படம் பொருந்தாததைச் சேரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரெண்டாம் முறை வந்தது ஆர்?"

எனக்குத் தெரியவில்லை. நானே கூட்டி வந்த ஆள், என் ஊர் ஆள், யார் என்று தெரியவில்லை. நிலூக்கா அழுகிற மாதிரி நின்றாள். அவள் மேல் என்ன பிழை? அவளுக்கு அந்த முகங்கள் எல்லாம் புது முகம்.

ஹட்டன் பஸ் பிடித்து டிக்கோயாவுக்குப் போனேன். மல்லிகா அக்கா வாசலில் இருந்தார், பாதியாக இளைத்திருந்தார். பக்கத்தில் சிவகாமி, அக்காவின் சின்ன மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரெண்டாவது தடவ வேன்ல வந்தது நீங்களா?"

மல்லிகா அக்கா தங்கச்சியைப் பார்த்தார். "கோவிச்சுக்காத வசந்தி. அன்னைக்கு எனக்குக் கடுங் காச்சல், எந்திரிக்க ஏலல. பேரு குடுத்துட்டு ஆள் வராட்டி அங்க ஒன்னயத்தானே ஏசுவாங்க? அதான் இவள அனுப்புனேன். கோயில் வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள்னா யாரு போனாலும் கணக்குத்தானே, அப்பிடி நெனச்சுட்டேன்."

நானும் சின்ன வயதில் அம்மாவுக்குப் பதிலாகக் கோயிலில் கல் சுமந்திருக்கிறேன். எனக்குத் தெரியாத வழக்கமா இது?

சிவகாமி சீப்பைக் கையில் வைத்தபடி சொன்னாள். "ஒங்ககிட்ட சொல்லிட்டு மெஷின்ல படுத்துக்கலாம்னுதான் வந்தேங்க அக்கா. அங்கிட்டு இங்கிட்டு பாத்தேன், ஒங்களக் காணல. அந்தப் புள்ள பேரக் கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்."

அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டி இருப்பது மல்லிகா அக்காவுக்கு இல்லை என்று சொன்னேன். அப்படியென்றால் யாருக்கு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவகாமியின் கை பிள்ளையின் தலையில் அப்படியே நின்றது.

"ஐயோ, எனக்கு ஏதாச்சும்னா சின்னவள நீ பாத்துக்கன்னு இவகிட்டயே சத்தியம் வாங்கினேனே" என்று மல்லிகா அக்கா வாயில் அடித்துக்கொண்டு அழுதார்.

சிவகாமி அழவில்லை. "கொஞ்ச நாளா ஊசியில நூல் கோக்க முடியல. வயசாயிருச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

என்னை ஒருவரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. பால் இல்லாத பிளேன்டீ ஊற்றித் தந்தார்கள். 

நீக்கிய சோடி

சேர் அலைந்து திரிந்து சிவகாமியைச் சீக்கிரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஒபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. இடது கண் பார்வை போய்விட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று அங்கிருந்த டொக்டர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

எங்கள் அறிக்கையில் இது ஒரு வரி. ஒரு சோடி ஸ்கேன் பொருந்தாததால் நீக்கப்பட்டது என்று நானே எழுதினேன். மேட்ரிக்ஸில் இருந்து ஒரு நிரலை எடுத்தேன். மற்றக் கணக்கெல்லாம் சுத்தமாக வந்தது. அதற்கு என்னைப் பாராட்டினார்கள், நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இப்போது இரண்டு விஷயம் கட்டாயம் சொல்கிறேன். இரண்டாவது ஸ்கேன் எடுத்த அன்றே அதை முதலாவதோடு பொருத்திப் பாருங்கள், கணக்குப் போடுகிற நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். அதற்கும் முன்னால், வேன் வந்ததும் வெளியே போய் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துப் பேசுங்கள். நான் இப்போது போகிறேன். "ஏய் வசந்தி" என்று கூப்பிடுகிறார்கள். மூக்கு ஒழுகின கதையும் வந்துவிட்டது. யாரும் என்னை வேலையை விட்டுத் துரத்தவில்லை.

ஒபரேஷனுக்குப் பிறகு சிவகாமிக்கு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தது. அன்று அவளைக் கூட்டிப்போக ஸ்கேன் எடுக்கிற இடத்து வாசலில் நானே நின்றேன். வேனில் இருந்து இறங்கினாள். நான் பக்கத்தில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டும் அவள் வேறு பக்கம் தேடினாள்.

"வசந்தியக்காவா? அந்தப் பக்கம் நின்னா எனக்குத் தெரியாதுங்க அக்கா. இப்பிடி வாங்க" என்றாள்.

நான் சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு வலது பக்கம் நின்றேன்.